பட்டியலில் விடுபட்ட நான்காவது பொருள்

1516ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், ஜெர்மனியின் தெற்கே உள்ள பவேரியாவை ஆண்ட இரண்டு கோமகன்கள் ஒரு சட்டத்தை அறிவித்தனர். பீர் காய்ச்சுவோர் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றை மட்டுமே பயன்படுத்தலாம் என்றது அது. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. கசப்பைத் தருவதோடு சில பாக்டீரியாக்களையும் அண்டவிடாது. கோதுமை ரொட்டிக்கு மிச்சப்பட வேண்டும் என்பதும் அச்சட்டத்திற்கு ஒரு காரணம் என்பர்.

மாணவர்களே, மது உங்களுக்கு வேண்டாம். ஆனால் இந்தச் சட்டத்தில் நல்லதொரு அறிவியல் புதிர் இருக்கிறது. மூன்றே பொருள்கள் என்றால், ஜெர்மனியில் ஊருக்கு ஊர் பீர் வேறுபடுவது எப்படி?

நிறத்திற்கான விடை எளிது. பார்லியை ஊறவைத்து முளைக்கவிட்டால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் உருவாகும். பிறகு அதைச் சூடேற்றி உலர்த்துவார்கள். அதுதான் மால்ட். நீங்கள் குடிக்கும் மைலோவிலும் மால்ட் உண்டு. சூடு கூடக் கூட மால்ட் கருக்கும். ரொட்டியின் மேல்புறம் பழுப்பாவதும் இதே வினையால்தான். பாம்பெர்க் நகரில் பீச் மரக்கட்டையை எரித்து உலர்த்துவதால் அவ்வூர் பீரில் புகை மணக்கும். மியூனிக் நகரின் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். கரிய மால்ட்டின் அமிலத்தன்மை அதைச் சமன் செய்ததால், அந்நகரம் நெடுங்காலம் கரும்பழுப்பு பீருக்கே பெயர் பெற்றிருந்தது. ‘ஹெல்லஸ்’ எனும் வெளிர் பீர் அங்கே 1890களில்தான் விற்பனைக்கு வந்தது.

மணத்திற்கான விடைதான் சுவையானது. கோதுமை சேர்த்துக் காய்ச்சும் ‘வைஸ்பியர்’ என்னும் பவேரிய பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டில் எதையும் யாரும் சேர்ப்பதில்லை! அந்த மணத்தை உண்டாக்குவது, 1516ஆம் ஆண்டுப் பட்டியலில் இல்லாத ஈஸ்ட்.

அக்காலத்தினர் ஈஸ்ட்டை அறியாதவர்கள் அல்லர். அடியில் தங்கும் வண்டலை எடுத்து வைத்து அடுத்த முறைக்குச் சேர்க்க அவர்களுக்குத் தெரியும். அது உயிருள்ளது என்பதுதான் தெரியாது. அதை 1837இல் எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் தியோடர் ஷ்வான். உயிரியல் பாடத்தில் உயிரணுக் கோட்பாட்டோடு நீங்கள் படிக்கும் அதே ஷ்வான்தான்.

ஈஸ்ட் சர்க்கரையை உண்டு எத்தனாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடும். உண்மையில் இன்னும் பல பொருள்களும் சிறிதளவு வெளிவருகின்றன. அவற்றில் ஒன்று ஐசோஅமைல் அசிட்டேட் எனும் எஸ்டர். வாழைப்பழ மிட்டாயின் செயற்கை மணமும் இதுவே. கிராம்பு வாசம் வேறு வழியில் வருகிறது. தானியத்திலுள்ள ஃபெரூலிக் அமிலத்தைச் சில ஈஸ்ட்கள் கிராம்புபோல் மணக்கும் பொருளாக மாற்றிவிடும். இதற்கான மரபணு பெரும்பாலான பீர் ஈஸ்ட்களில் செயலிழந்துவிட்டது. மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தமக்குப் பிடித்ததையே தேர்ந்து வளர்த்ததன் விளைவு அது. வைஸ்பியர் ஈஸ்ட்டிலோ அது இன்னும் வேலை செய்கிறது.

வைஸ்பியர் ஈஸ்ட் ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வளர்ந்து, நுரையோடு மேலே மிதக்கும். இன்னொரு வகை ஈஸ்ட் 10 பாகை அளவுக் குளிரிலும் மெதுவாக வேலை செய்து அடியில் படியும். அதன் பீர்தான் ‘லாகர்’. சேமித்து வைத்தல் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் வாரக்கணக்கில் வைப்பதால் அது தெளிந்து, பழ மணம் குறைந்திருக்கும்.

குளிர் தாங்கும் ஈஸ்ட் பெருகியதற்கும் ஒரு சட்டம் துணைபோனது. கோடையில் பீர் எளிதில் கெட்டுவிடும் என்பதால், 1553இல் பவேரியா ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சத் தடை விதித்தது. குளிர்காலத்தில் மட்டுமே வேலை என்றால், குளிரில் பிழைக்கும் ஈஸ்ட்டுக்குத்தானே வாய்ப்பு? கோடைக்கான பீரை நிலவறைகளில் ஏரிப் பனிக்கட்டியோடு வைத்தனர். மேலே நிழலுக்குக் கஷ்கொட்டை மரங்களை நட்டனர். 1870களில் மியூனிக் பேராசிரியர் கார்ல் ஃபான் லிண்டே மதுவாலைகளுக்காகக் குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். நம் வீட்டுக் குளிர்ப்பதனப் பெட்டியின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம் என்பதை மரபணு ஆய்வு காட்டியது. பெற்றோரில் ஒன்று, ரொட்டிக்கும் பயன்படும் வழக்கமான ஈஸ்ட். குளிர் தாங்கும் இன்னொன்றை ஐரோப்பாவில் தேடித் தேடியும் காணவில்லை. 2011இல் அது அகப்பட்டது, அதுவும் தென் அமெரிக்காவின் பத்தகோனியாக் காடுகளில்! தென்பீச் மரங்களில் ஒரு பூஞ்சை உண்டாக்கும் முண்டுகளில் அது வாழ்ந்துகொண்டிருந்தது. பிறகு திபெத்திலும் தென்பட்டது. ஐரோப்பாவில் அது அகப்பட்டதாக 2022இல் செய்தி வந்தது. அயர்லாந்தின் டப்ளின் நகரில், பல்கலைக்கழக வளாகத்து மண்ணில், இளங்கலை மாணவர்களின் ஆய்வுப் பணியில் அது கிடைத்திருந்தது.