"உங்க ஏரியால என்ன பிரச்சினை?": ஒரே தெரு, மூணு பதில்

இன்றைய எபிசோட் சென்னையின் தெற்குப் புறநகர் பற்றி. தாம்பரம், செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம். கேட்டுக்கிட்டிருக்கிற உங்களில் நிறைய பேர் அங்கேதான் வாடகைக்கு இருப்பீங்க, இல்லன்னா வீடு பார்த்துக்கிட்டு இருப்பீங்க.

சில வாரங்களாக அந்தப் பக்கம் இருக்கிறவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வந்தேன்: "உங்க ஏரியால பெரிய பிரச்சினை எது?" ஒரே தெருவில் கேட்டாலும் பதில் ஒன்றாக வரவில்லை. தரைத்தளத்து அக்கா, "மழைதான். நவம்பர் வந்தாலே பீரோவைச் செங்கல் மேல ஏத்தி வச்சிருவோம்" என்றார். மூணாவது மாடியில் இருக்கிற ஐ.டி. பையனுக்கு மழை ஒரு விஷயமே இல்லை. "டிராஃபிக் ப்ரோ, அப்புறம் தண்ணி லாரி காசு." எதிர் வீட்டு ஓனர் ஐயா, "இங்க ஒரு குறையும் இல்ல தம்பி, நல்ல ஏரியா" என்று முடித்துக்கொண்டார்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஓனர் ஐயா மட்டும் கொஞ்சம் மறைக்கிறார், அவருக்கு அப்புறம் வரேன்.

முதலில் ஊரின் அமைப்பைப் பார்ப்போம். இது ஏரிகளின் நாடு. மாடம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று பெயர் சொல்லிக்கொண்டே போனால் பாதி ஊருக்கு ஓர் ஏரி இருக்கும். ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயைப் பிடித்துக் கடலுக்குப் போக வேண்டும். மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு. நடுவில் இருந்த கால்வாய்களும் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியும் வீடாகவும் ரோடாகவும் மாறிவிட்டன. போதாததற்கு அந்தச் சதுப்பு நிலத்தின் மேலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கு. 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது, மாடி உயரம் யாரையும் காப்பாற்றவில்லை.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடுத்த நாலே வருஷத்தில், 2019 ஜூனில், ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சில "ஆபீஸ்ல தண்ணி இல்ல, வீட்டுல இருந்தே வேலை பாருங்க" என்று சொல்லிவிட்டன. வெள்ளமும் வறட்சியும் எதிரெதிர் பிரச்சினை மாதிரித் தெரியும். ஆனால் இரண்டுக்கும் ஒரே வேர்: தேங்க வேண்டிய இடத்தில் தண்ணீர் தேங்கவில்லை. கேட்கிறவர்களுக்கு அப்படித் தெரிவதில்லை. மே மாதம் கேட்டால் "லாரி", நவம்பரில் கேட்டால் "வெள்ளம்", ஜனவரியில் "ரோடு தோண்டிப் போட்டிருக்காங்க". போன சீசன் பிரச்சினை போன சீசனோடு போய்விடுகிறது.

இப்போ ஓனர் ஐயா. கொஞ்ச நேரம் பேசிய பிறகு அவரே சொன்னார்: "தண்ணி நிக்குதுன்னு டி.வி.ல வந்தா கிரவுண்டு விலை இறங்கிடும். பொண்ணு கல்யாணத்துக்கு இதைத்தான் நம்பி இருக்கேன்." எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரு மனையில் இருக்கும்போது, பிரச்சினையைச் சொல்வதே நஷ்டம். ஆனால் விளைவைப் பாருங்கள். வருஷக்கணக்காக அங்கே இருப்பவர், எந்தக் கால்வாய் எங்கே ஓடியது என்று தெரிந்தவர், அவர்தான் வாயைத் திறப்பதில்லை.

திறக்கக்கூடியவர் வாடகைக்காரர். அவருக்கு இழக்க மனை இல்லை. ஆனால் அவர், "அக்ரிமென்ட் பதினோரு மாசம், அடுத்த வருஷம் வேற வீடு" என்கிறார். ஓட்டும் சொந்த ஊரில்தான். 2022 பிப்ரவரி உள்ளாட்சித் தேர்தலில் மாநில சராசரி 60 சதவீதத்தைத் தாண்டியபோது, சென்னை மாநகராட்சியில் 44 சதவீதம்கூட வரவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். ஓட்டு ஒரு ஊரில், வாழ்க்கை இன்னொரு ஊரில் என்று இருப்பதும் அதில் ஒன்று என்பது என் கணிப்பு.

இன்னொரு சிக்கல் எல்லைக்கோடு. பள்ளிக்கரணையும் பெருங்குடியும் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. தாம்பரம் மாநகராட்சி 2021-ல்தான் உருவானது: 5 நகராட்சி, 5 பேரூராட்சி சேர்த்து 70 வார்டு. நடுவில் மேடவாக்கம், இத்தனை அபார்ட்மென்ட் வந்த பிறகும் ஊராட்சியாகவே நீடித்தது. தண்ணீருக்கு இந்தக் கோடெல்லாம் தெரியாது. புகார் கொடுக்கப் போனால்தான் "அது எங்க லிமிட் இல்ல சார்".

அப்போ எங்கே போய்ச் சொல்வது? ஊராட்சியில் கிராம சபை இருக்கிற மாதிரி, நகரத்தில் வார்டுக்குள் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் கலந்துகொண்ட பகுதி சபை இதே பக்கத்தில், பம்மலில்தான் நடந்தது. நான் பேசின வாடகைக்காரர்களில் ஒருத்தருக்குக்கூட அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஓனர்களில் சிலருக்குத் தெரியும், போனதில்லை.

வாக்காளர் பட்டியலில் பெயரை இப்போ இருக்கும் முகவரிக்கு மாற்ற, தேர்தல் ஆணையத்தின் 8-ம் எண் படிவம் போதும், ஆன்லைனிலேயே போடலாம். ஊரில் அம்மா "ஓட்டுப் போடக்கூட வர மாட்டியா" என்று கேட்பாங்க, அதை நீங்கதான் சமாளிக்கணும்.

அடுத்த முறை வீடு பார்க்கப் போகும்போது, ஓனரிடம் தண்ணி நிக்குமா என்று கேட்காதீங்க. தெருமுனை இஸ்திரி வண்டிக்கார அண்ணனிடம் கேளுங்க. எந்த வருஷம் எதுவரைக்கும் நின்னுதுன்னு சுவரைக் காட்டியே சொல்லுவார்.