டிராயிங்கில் இல்லாத கொட்டகை

பிளான், எலிவேஷன், செக்‌ஷன் மூன்றும் போட்டு மார்க் வாங்கிவிடுகிறோம். அந்தத் தாளில் சாரம் எங்கே? சித்தாள் தங்கும் கொட்டகை எங்கே? கேட்டால், "அதெல்லாம் சைட்ல பாத்துக்கலாம் தம்பி" என்பார்கள்.

2014 ஜூலை 6-ம் தேதி, நம் திருவள்ளூர் மாவட்டத்தில் அலமாதி அருகே மழையில் ஒரு கிடங்குச் சுவர் சரிந்தது. அதையொட்டிய குடிசைகளில் தங்கியிருந்த கட்டடத் தொழிலாளர்கள் 11 பேர் மாண்டார்கள். சுவரை வரைகிற நாம், குடிசையை எந்தப் பிளானில் வரைகிறோம்?

'பிம்' எனப்படும் கம்ப்யூட்டர் கட்டட மாதிரி இங்கேதான் கைகொடுக்கிறது. கட்டடத்தை முப்பரிமாணத்தில் எழுப்பி, ஒவ்வொரு வேலைக்கும் தேதி கொடுத்தால், எந்த வாரம் எந்த ஸ்லாப் ஓரம் திறந்து கிடக்கும், எங்கே பள்ளம் இருக்கும் என்று திரையிலேயே தெரியும். கொட்டகையையும் அதில் வையுங்கள். சுவர் விழக்கூடிய தூரத்துக்குள் இருந்தால் அப்போதே நகர்த்திவிடலாம்.

டிசைனையும் மாற்றலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாம் பார்க்கிற மாதிரி ஒரு ஷெட். கூரைமேல் ஷீட் போடுபவர் பெல்ட்டை எதில் மாட்டுவார்? டிரஸ் வரையும்போதே கொக்கிக்கு இடம் விட்டு, அதன் பளுவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிரிட்டனின் 1994-ம் ஆண்டு விதிகள் இத்தகைய பொறுப்பை டிசைனர் மீதும் வைத்தன.

ஆனால் ஒன்று: நாம் சேர்க்காத கொட்டகை மாதிரியிலும் தெரியாது! ஆகவே அடுத்த பிளான் போடும்போது கேட்போம்: இதைக் கட்டுபவர் எங்கே நிற்பார்? எங்கே தூங்குவார்?