ஊர்ப் பெயரும் விளைபொருளின் மதிப்பும்

ஒரு சரக்குக்கு அதன் ஊர்ப் பெயரே நல்ல விலையைத் தேடித் தருவதுண்டு. அப்பெயரைக் காவாது விட்டால் கலப்புச் சரக்கும் அதே பெயரில் விலைபோகும். மெய்யாக விளைவித்தவரே நஷ்டமடைவர்.

திருச்சிச் சுருட்டு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உறையூர்ப் பக்கத்தில் சுற்றப்பட்ட இச்சுருட்டு 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து வரை பெயர் பெற்றிருந்தது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலும் இதன் பெயர் வருகிறது. இதற்கான புகையிலை திண்டுக்கல் பக்கத்தில் விளைந்தது. எனினும் எல்லையும் தரமும் வகுத்துப் பெயரைக் காக்கும் சட்டம் அந்நாளில் இங்கு இல்லை.

இத்தாலி தேசத்தார் இவ்விஷயத்தில் முந்திக்கொண்டனர். டஸ்கனி நாட்டில் கியாந்தி என்னும் மலைப்பகுதியின் சிவப்புத் திராட்சை மது பேர்போனது. 1716இல் அந்நாட்டு அதிபர் மூன்றாம் கோசிமோ இதன் விளைநில எல்லையை ஆணையால் வரையறுத்தார். 1924இல் 33 பேர் கூடிச் சங்கம் அமைத்துக் கருஞ்சேவலை முத்திரையாகக் கொண்டனர். 1932இல் சர்க்கார் எல்லையை வெகுவாக விரிவாக்கவே, பழைய பகுதியின் சரக்கு ‘கிளாசிகோ’ என்னும் அடைமொழியால் பிரித்தறியப்பட்டது. அதில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் சாஞ்சியோவேசே என்னும் திராட்சையே சேரவேண்டும் என்பது இன்றைய விதி.

நம் நாட்டில் 1999ஆம் வருஷத்துப் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 முதல் அமலில் உள்ளது. பதிவகம் சென்னையில் இருக்கிறது. சிறுமலை, விருப்பாட்சி மலைவாழைகள் 2008இலும், கம்பம் பன்னீர் திராட்சையும் இம்மாவட்டத்து மணப்பாறை முறுக்கும் 2023இலும் இக்குறியீட்டைப் பெற்றன.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. விண்ணப்பம் உற்பத்தியாளர் சங்கத்தின் பெயரில் செய்யப்படுதல் வேண்டும். குறியீட்டைத் தனியொருவர் விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ இயலாது.

2. சங்கம் பதிந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு விவசாயியும் அங்கீகாரம் பெற்ற உபயோகிப்பாளராகத் தம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும்.

3. பதிவு 10 வருஷத்துக்கே செல்லும். பின்னர் புதுப்பித்தல் அவசியம்.

4. எங்கும் ஒரே தன்மையாய் விளையும் பொருளுக்குக் குறியீடு கிடைப்பது அரிது. ஸ்ரீரங்கம் தீவின் படுகை வாழைக்கு இத்தகைய உரிமை நாடுவோர், அம்மண்ணாலும் நீராலும் காய்க்கு உண்டாகும் தனிக்குணத்தை முதலில் நிரூபிக்க வேண்டும். திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் ஆலோசனையை இதற்கு நாடலாம்.

கிராம அலுவலர்கள் அடங்கலைப் பிழையின்றி எழுதிவருதலும் பேருதவியாகும். எந்த நிலத்தில் எப்பயிர் விளைந்தது என்பதற்கு அது தக்க சான்று.

சட்டம் பெயருக்கு வேலி. வேலிக்குள் தரத்தைக் காப்பது விளைவிப்போர் கடமை. ஒருவர் வெளிச்சரக்கைக் கலந்து விற்பினும் ஊரார் அனைவருடைய விலையும் குறையும்.