உங்களுக்குத் தெரியுமா? வெயிலில் விளையும் புகை

● 1943 ஜூலை 26. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் பகலிலேயே மங்கியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க்காலம் ஆயிற்றே, ஜப்பான் விஷவாயு வீசிவிட்டதோ என்று மக்கள் பதறினார்கள். பிறகு பழி ஒரு பியூட்டாடையீன் ஆலையின் மேல் விழுந்தது. ஆலையை நிறுத்திவைத்தும் புகைமூட்டம் விடவில்லை.

● விடை கண்டவர், அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலர்! கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆரி ஹாகன்-ஸ்மிட், பழ மணத்தைக் குளிர்வித்துப் பிடித்த அதே முறையில் ஊர்க்காற்றையும் பிடித்தார். நெடியடிக்கும் பழுப்புத் திரவம் சில துளி தேறியது. அதில் இருந்தவை ஆக்சிஜன் ஏறிய ஹைட்ரோகார்பன்கள்.

● இந்தப் புகைமூட்டத்தின் கூட்டாளிகள் மூவர்: எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவி (ஹைட்ரோகார்பன்கள்), வண்டிப்புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள், வெயில். நைட்ரஜன் டை ஆக்சைடை வெயில் உடைக்கிறது. பிரிந்த ஆக்சிஜன் அணு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. ஓசோனும், அதன் வழியே பிறக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பும் ஹைட்ரோகார்பன்களைத் தாக்குகின்றன.

● ஆக்சிஜன் ஏற ஏற ஹைட்ரோகார்பன் ஆவியாகும் தன்மையை இழக்கிறது. வாயுவாக நிற்க முடியாமல் மிதக்கும் துகள்கள் மேல் படிகிறது. சில சமயம் மூலக்கூறுகள் ஒன்றுகூடிப் புதுத் துகளாகவும் ஆகின்றன. 'இரண்டாம்நிலைக் கரிமத் துகள்' என்பது இதன் பெயர். எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வெளிவராமல் காற்றிலேயே உருவாகும் மாசு இது.

● இத்துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. தலைமுடியின் தடிமனோ சுமார் 70 மைக்ரோமீட்டர். ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய அளவு என்பதால் ஒளியைச் சிதறடிப்பதில் இவை கில்லாடிகள். பட்டப்பகலில் எதிரே உள்ள மலை மறைந்துபோவது இதனால்தான்.

● ஹாகன்-ஸ்மிட் காலத்தில் ஓசோனை அளக்க ரப்பர் துண்டே போதுமானதாக இருந்தது! வளைத்துக் கட்டிய ரப்பரில் எவ்வளவு நேரத்தில் வெடிப்பு விழுகிறது என்று பார்ப்பார்கள். சீக்கிரம் விழுந்தால் ஓசோன் அதிகம்.

● 1952 டிசம்பரில் லண்டனைத் திணறடித்த புகைமூட்டம் வேறு சாதி. அது நிலக்கரிக் கரியும் கந்தக டை ஆக்சைடும் குளிர்காலப் பனியோடு கலந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் வகைக்கோ நல்ல வெயில் வேண்டும்.

● கண்ணில் நீர் வரவழைப்பதில் 'பான்' எனச் சுருக்கி அழைக்கப்படும் பெராக்சிஅசிட்டைல் நைட்ரேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. சூட்டில் சிதையும், குளிரில் நிலைத்து நெடுந்தூரம் போகும். போன இடத்தில் சிதைந்து, சுமந்து வந்த நைட்ரஜன் டை ஆக்சைடை இறக்கிவிடும். அங்கே மறுபடி ஓசோன் உற்பத்தி!

● மரங்களும் ஹைட்ரோகார்பன் விடுகின்றன. பைன், யூகலிப்டஸ் இலைகளின் டெர்ப்பீன்கள் ஓசோனோடு வினைபுரிந்து நுண்துகள் ஆகின்றன. காட்டுமலைகள் மேல் தெரியும் நீலப் படலத்துக்கு இதுவே காரணம் என்று 1960-இல் எழுதியவர் தாவரவியலர் ஃபிரிட்ஸ் வென்ட். கலிஃபோர்னியாவில் ஹாகன்-ஸ்மிட்டோடு பணியாற்றியவர்.

● எலுமிச்சை மணத்தில் உள்ள லிமோனீனும் ஒரு டெர்ப்பீன்தான். அந்த மணமுள்ள திரவத்தால் தரை துடைக்கும்போது வெளியிலிருந்து ஓசோன் உள்ளே வந்தால், வீட்டுக்குள்ளேயே நுண்துகள் உருவாகும். ஓசோன் மிகுந்த பிற்பகலில் சன்னலைத் திறந்துவைத்துத் துடைக்கும்முன் இதை நினைவில் கொள்ளலாம்.

● வண்டிப்புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றிகள் வந்து அந்த மாசு வெகுவாகக் குறைந்ததும் அடுத்த கூட்டாளி வெளிப்பட்டது. பெயின்ட், பசை, அச்சு மை, பூச்சிமருந்து, வாசனைத் திரவியம் போன்றவற்றிலிருந்து எழும் ஆவிதான் அது. தொழில்வள நகரங்களில் பெட்ரோலிய மூலத்திலிருந்து காற்றில் கலக்கும் கரிம ஆவியில் ஏறக்குறையப் பாதி இவற்றுடையது என்று 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.