கால் இல்லாததெல்லாம் பாம்பா?

பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? அந்தச் சீனக் கோயிலில், கிளைகளில் அசையாமல் சுருண்டு கிடப்பவை நஞ்சுள்ள விரியன்கள். மலாயில் அவற்றின் பெயரே 'உலார் காப்பாக் தோக்கோங்'. தோக்கோங் என்றால் கோயில்.

இப்போ ஒரு கேள்வி. காலே இல்லாமல், கயிறு மாதிரி நீண்ட உடம்போடு நெளிந்து வருவதெல்லாம் பாம்புதானா?

இல்லீங்க. மலேசியாவின் ஈர மண்ணுக்குள் வாழும் சிசிலியன், பார்க்க அசல் பாம்புக்குட்டி. ஆனால் அது தவளைக்குத்தான் சொந்தம். வயல் சேற்றில் நெளியும் பெலுட் ஒரு மீன். புல்வெளிகளில் ஊரும் கண்ணாடிப் பல்லி, பெயரிலேயே பல்லி.

அப்புறம் எப்படி எல்லாவற்றுக்கும் ஒரே உருவம்?

வாழும் இடம் தரும் சிக்கல் ஒன்றுதான். குறுகிய பொந்து, அடர்ந்த புல், சேறு. இங்கெல்லாம் காலும் துடுப்பும் தடைதான். உடம்பு கொஞ்சம் நீண்டு, கால் கொஞ்சம் சிறுத்துப் பிறந்தவை எளிதாக நுழைந்தன, இரை பிடித்தன, அதிகக் குட்டிகளை விட்டுச் சென்றன. பல லட்சம் ஆண்டுகளில் கால் மறைந்தே போனது. பெலுட்டுக்குத் துடுப்புகள் மறைந்தன. உறவில்லாத உயிரினங்கள் இப்படி ஒரே வடிவத்துக்கு வந்து சேர்வதைக் 'குவி பரிணாமம்' என்கிறோம். பல்லி, பாம்பு வகைகளில் மட்டுமே கால் சுருங்குவதோ மறைவதோ 20 தடவைக்கு மேல் தனித்தனியாக நடந்திருக்கிறது.

வடிவம் ஏமாற்றினாலும் சின்னச் சின்ன அடையாளங்கள் உண்மையைச் சொல்லிவிடும். கண்ணாடிப் பல்லி கண்ணை மூடித் திறக்கும். அதற்குக் காதுத் துளையும் உண்டு. பாம்புக்கு இரண்டுமே கிடையாது. சிசிலியனின் வழவழப்பான உடம்பில் மோதிரம் அடுக்கியது போல வளையங்கள் இருக்கும். மலைப்பாம்பின் வாலருகே இருக்கும் இரண்டு குட்டி நகங்கள், அதன் முன்னோருக்குப் பின்னங்கால் இருந்ததன் மிச்சம்.

இது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில், மண் வெட்டும்போது வெளிவரும் சிசிலியனைப் பாம்பு என்று நினைத்து அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். மண்புழுவையும் கரையானையும் தின்று வாழும் அதனால் நமக்கு ஒரு கெடுதலும் இல்லை.

அதற்காக, இமை இருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்க்காதீங்க! வீட்டுப் பக்கம் எது நெளிந்தாலும் அடிக்காமல் தள்ளி நின்று 999-ஐ அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடித்துப் போவார்கள். அது யாருடைய சொந்தம் என்பதை அப்புறம் பார்த்துக்கலாம்.