இலை காயும் விதத்தில் இருக்கிறது மருந்து

இரண்டு கடைகளில் முருங்கை இலைப் பொடி வாங்கி வந்து ஒரே வெள்ளைத் தட்டில் அருகருகே கொட்டிப் பார்த்தேன். ஒன்று நல்ல பச்சை. மோந்தால் கீரை வாசம். மற்றது மூக்குப்பொடி நிறம், வைக்கோல் வாசம். இரண்டு பொட்டலத்திலும் ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே விலை. இரண்டும் முருங்கைதான், கலப்படம் இருப்பதாகத் தோன்றவில்லை. காய வைத்த இடத்தில்தான் அவை வேறு வேறு ஆகியிருக்க வேண்டும்.

எந்த மூலிகை எந்த நோய்க்கு நல்லது என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். பறித்த இலை பொடியாவதற்குள் அதற்கு என்ன நேர்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு. துளசியும் தூதுவளையும் ஆடாதொடையும் வீட்டிலேயே காய வைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

செடியை விட்டு வந்த பிறகும்

கிள்ளியவுடன் இலை செத்துவிடுவதில்லை. அதன் செல்கள் பல மணி நேரம் சுவாசிக்கின்றன. சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழித்து வெப்பத்தை வெளிவிடுகின்றன. காலையில் பறித்த இலையைச் சாக்கில் அமுக்கிக் கட்டிவிட்டு, மாலையில் உள்ளே கைவிட்டுப் பார்த்தால் சுடும். ‘புழுங்கிப் போச்சு’ என்று சொல்வது இதைத்தான். கசங்கிப் புழுங்கிய இலையில் நொதிகள் வேலையைத் தொடங்கி, துவர்ப்புத் தரும் பாலிஃபீனால்களைக் கருக்க வைக்கின்றன. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இப்படித்தான்.

தேயிலையில் இந்தக் கருக்கலை வேண்டுமென்றே நடக்கவிடுகிறார்கள். அதுதான் நாம் தினமும் குடிக்கும் டீத்தூள். பச்சைத் தேயிலை வேண்டுமானால், பறித்தவுடன் ஆவியிலோ சூடான சட்டியிலோ காட்டி நொதிகளை அடக்கிவிட்டுப் பிறகு உலர்த்துகிறார்கள். செடி ஒன்றுதான்.

நிலாவரையின் ரகசியம்

இலை காய்வதற்கும் மருந்துக்கும் உள்ள உறவை நிலாவரையைப் போலத் தெளிவாகக் காட்டும் செடி எனக்குத் தெரிந்து வேறில்லை. நிலவாகை என்றும் சொல்வார்கள். மலச்சிக்கலுக்கு உலகம் முழுவதும் பயன்படும் இந்த இலைக்கு, மருந்து நூல்களில் நம் திருநெல்வேலியின் பெயரே இருக்கிறது. சாத்தான்குளம் பக்கத்து மானாவாரி நிலங்களிலும் விளையும் இந்த இலை, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறுகிறது.

இந்த இலையின் மருந்துச் சத்துக்கு சென்னோசைடு என்று பெயர். பச்சை இலையில் அது அதிகம் இருப்பதில்லை. அங்கே இருப்பவை ஆந்த்ரோன் கிளைகோசைடு என்னும் ஒற்றை மூலக்கூறுகள். இலை 20 முதல் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குள் காயும்போது, அதிலுள்ள நொதிகள் இந்த ஒற்றைகளை இரண்டிரண்டாகச் சேர்க்கின்றன. அப்படிப் பிறப்பதுதான் சென்னோசைடு. அது வயிற்றையும் சிறுகுடலையும் சேதமில்லாமல் கடந்து பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் உடைத்த பிறகே வேலையைக் காட்டுகிறது. கொதிக்கும் சூட்டில் அவசரமாக உலர்த்தினால் நொதி வேலையை முடிக்கும் முன்பே செயலிழந்துவிடும். ஒரு வாரம், பத்து நாள் நிழலில் கிடந்து, இலை மஞ்சள் கலந்த பச்சைக்கு வரும்வரை காத்திருக்கும் வழக்கத்தில் எவ்வளவு பொருள் இருக்கிறது பாருங்கள்! பொறுமையாகக் காய்ந்ததால் கிடைத்த மருந்து அது.

‘நிழலில் உலர்த்தி’ என்று சித்த மருத்துவக் குறிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பழைய பழக்கம் என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஓர் இலை போதும்.

வெயிலில் என்ன போகிறது

துளசி இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. கிராம்பில் மணக்கும் யூஜெனால், துளசி எண்ணெயிலும் உண்டு. இது ஆவியாகும் எண்ணெய். துளசி காயும் மொட்டைமாடி முழுவதும் மணக்கிறதென்றால், இலையில் இருக்க வேண்டியது காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. வாசனை இலைகளுக்கு 40 டிகிரியைத் தாண்டாத நிழல் நல்லது. சித்திரை வெயிலில் சிமெண்ட் தரை 50 டிகிரியைச் சாதாரணமாகக் கடந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

முருங்கையில் போவது வேறு. அதிலுள்ள பீட்டா கரோட்டின்தான் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. வெளிச்சமும் காற்றும் சேர்ந்து அதைச் சிதைக்கும். வைட்டமின் சி எப்படிக் காய வைத்தாலும் குறையும். வெயிலிலும் சூட்டிலும் மிக அதிகமாகக் குறையும். பச்சையம் தன் நடுவில் இருக்கும் மக்னீசியத்தை இழந்து பழுப்புக்குத் திரும்பும். நான் வாங்கிய இரண்டாவது பொட்டலத்தின் நிறம் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் வெயிலில் எங்கும் போய்விடாது. ஆகவே பழுப்புப் பொடி வெறும் குப்பை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணுக்கு நல்லது என்று குழந்தைக்குக் கொடுப்பவர்கள் பச்சைப் பொடியைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

தார்ச்சாலை ஓரத்தில் காய வைப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. டயர்த்தூள், புகை, நாயின் எச்சம், மண்ணிலுள்ள பூஞ்சை வித்துகள் எல்லாம் இலையோடு ஒட்டிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட மூலிகைச் சாகுபடி, சேகரிப்பு வழிகாட்டி, வெறுந்தரையில் உலர்த்துவதைத் தவிர்க்கச் சொல்கிறது. தரைக்கு மேலே சட்டத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி அடிக்கடி கிளறிவிடச் சொல்கிறது. வீட்டில் கயிற்றுக் கட்டிலின் மேல் வெள்ளை வேட்டியை விரித்தால் அதுவே சட்டம். மேலும் கீழும் காற்று போகும். கழுவிய இலையின் ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிழல் மட்டும் போதாது. மின்விசிறி ஓட வேண்டும். அதுவும் முடியாவிட்டால் அந்த மாதங்களில் காய வைக்காமலிருப்பதே மேல். ஓமவல்லி போன்ற சதைப்பற்றான இலை எப்போதுமே மெதுவாகக் காய்ந்து கறுக்கும். தொட்டியில் வைத்து வளர்த்தால் வேண்டும்போது பச்சையாகவே கிள்ளிக்கொள்ளலாம்.

காயாத தழையின் கதை

அதிகம் காய்ந்தால் சத்து போகும். அரைகுறையாகக் காய்ந்தால் நஞ்சே உண்டாகலாம். 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் மாடுகள் காரணம் தெரியாமல் செத்தன. கொம்பு சீவினால்கூட ரத்தம் நிற்காமல் ஓடியது. ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர் காரணத்தைத் தீவனத்தில் கண்டார். ஸ்வீட் குளோவர் என்னும் தழை, மழை ஈரத்தில் சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்திருந்தது. நன்றாகக் காய்ந்த அதே தழையைத் தின்ற மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

1933-இல் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர், பனிப்புயலுக்கு நடுவே, செத்த கிடாரியையும் உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும் கெட்ட தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். லிங்கின் குழு ஆறேழு ஆண்டுகள் உழைத்து, 1940-இல் அந்த நஞ்சு டைகூமரால் என்று உறுதி செய்தது. காய்ந்த தழைக்கு இனிய மணம் தரும் கூமரின் என்ற பொருளைப் பூஞ்சை மாற்றியதால் உண்டானது அது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. பின்னர் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையாக மனிதர்களுக்கும் வந்தது.

நம் இலைகளெல்லாம் இதே நஞ்சைத் தரும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஈரம் மிச்சமிருக்கும் எந்த இலையிலும் பூஞ்சை வளரும். சில பூஞ்சைகள் கல்லீரலைக் கெடுக்கும் அஃப்லாடாக்சினை உண்டாக்கும். கொதிக்க வைத்துக் கஷாயமாக்கினாலும் அது முழுதாக அழியாது. பூஞ்சை வாடை அடித்தால் விலையைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

காய்ந்தது எப்படித் தெரியும்

பச்சை முருங்கை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உருவிய இலை ஏறக்குறைய நாலு கிலோ காய்ந்தால் ஒரு கிலோ வரும். அதற்கு மேல் எடை நின்றால் ஈரம் உள்ளே இருக்கிறது. இலையைக் கசக்கினால் நொறுங்க வேண்டும், காம்பு வளையாமல் ஒடிய வேண்டும். இலை நொறுங்கியும் காம்பு வளைந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் உள்சுவரில் ஆவி படிந்திருந்தால் மறுபடி பரப்ப வேண்டியதுதான்.

காய்ந்ததை இலையாகவே, வெளிச்சம் படாத இடத்தில் இறுக மூடி வைத்து, வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக இடித்துக்கொள்வது நல்லது. பொடியானவுடன் காற்றுப் படும் பரப்பு பல மடங்கு கூடிவிடும். சித்த மரபில் சூரணத்துக்குச் சொல்லும் ஆயுள் மூன்று மாதம்தான். பொடி செய்த தேதியைப் பாட்டிலின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

நன்றாகக் காய்ந்த இலையில் எல்லாம் செறிந்திருக்கும். நிலாவரையை மருத்துவரைக் கேட்காமல் ஓரிரு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தாமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. கீரைகளில் வைட்டமின் கே அதிகம்; அது ரத்தம் உறைய உதவும், வார்ஃபரின் மாத்திரையின் வேலையைக் குறைக்கும். இதய வால்வு மாற்றிக்கொண்டு வார்ஃபரின் சாப்பிடுபவர், சத்துக்காக முருங்கைப் பொடியைத் தினமும் இரண்டு ஸ்பூன் சேர்க்கத் தொடங்கும் முன், அந்தப் பாட்டிலையும் மாத்திரைச் சீட்டையும் சேர்த்தே தன் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.