எதிரி வலுத்தால்தான் வெற்றி இனிக்கும்

"ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பர் பெரியோர். பல்கலைக்கழக விடுதியில் என்னோடு தங்கியிருந்த கிள்ளான் நண்பன், ஜொகூர் காற்பந்துக் குழு கிண்ணம் வெல்லும்போதெல்லாம் இந்தப் பழமொழியை எடுத்து விடுவான். அவன் சிலாங்கூர் இரசிகன். நானோ ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்தவன். வாக்குவாதத்திற்குக் கேட்கவா வேண்டும்? ஆனாலும், அவன் கேலியில் ஓர் உண்மையான கேள்வி ஒளிந்திருந்தது. சமமான எதிரி இல்லாத குழு திறமையில் வளருமா, தேயுமா?

சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1921-இல் தொடங்கிய மலாயாக் கிண்ணமே பின்னர் மலேசியக் கிண்ணமானது. அதில் சிலாங்கூர் 33 முறையும் சிங்கப்பூர் 24 முறையும் வாகை சூடியுள்ளன. இவ்விரண்டுக்கும் இடையில் அமைந்த ஜொகூருக்கு 1985-இல்தான் முதல் வெற்றி கிட்டியது. 1991-இல் லீக் பட்டத்தோடு, இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 3-1 என வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தையும் ஜொகூர் கைப்பற்றியது. தோற்றது சிலாங்கூர் என்பதால் அந்த வெற்றிக்குத் தனிச் சுவை.

பிறகு ஏன் சறுக்கல்? ஒரே மாநிலத்தில் மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் குழு ஒன்று, ஜொகூர் கார்ப்பரேஷனின் ஜொகூர் எஃப்சி மற்றொன்று எனப் பங்காளிப் போட்டி நிலவியது. ஆட்டக்காரர்களும் ஆதரவும் இரண்டாகப் பிரிந்தால் இரண்டுமே மெலியும் அல்லவா? 2013-இல் துங்கு இஸ்மாயில் தலைமையில் மாநிலக் காற்பந்து சீரமைக்கப்பட்டு, ஜொகூர் டாருல் தக்சிம் என்ற ஜேடிதி உருவானது.

அதன் பலன் விரைவிலேயே தெரிந்தது. 2014 முதல் 2024/25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை சூப்பர் லீக் பட்டம் ஜொகூருக்கே. 2015-இல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசியக் குழுவும் அதுவே. 2020-இல் ஏறத்தாழ 40,000 பேர் அமரக்கூடிய சுல்தான் இப்ராகிம் அரங்கமும் திறக்கப்பட்டது. நல்ல ஆட்டக்காரர்கள் நாடிவரும் இடமானது ஜொகூர். சிலாங்கூருக்கு ஆடிய நம்மவர் எஸ். குணாளன்கூடப் பின்னர் ஜொகூர் சீருடை அணிந்தார்.

இங்குதான் நண்பனின் பழமொழி உறுத்துகிறது. சிலாங்கூர் கடைசியாக லீக் பட்டம் வென்றது 2010-இல். 2023-லும் 2024/25-லும் அது இரண்டாம் இடத்தோடு நின்றது. நீண்ட லீக் பருவத்தில் பணமும் ஆள்பலமும் வெல்லும். ஒற்றை ஆட்டத்தில் அப்படியன்று. 2014 மலேசியக் கிண்ண இறுதியில் பகாங்கிடம் பினால்டியில் தோற்ற ஜொகூர், 2021 இறுதியில் கோலாலம்பூர் சிட்டியிடம் 0-2 எனக் கவிழ்ந்தது.

ஆசிய அரங்கு இன்னும் கடுமையான ஆசான். 2022-இல் கவாசாகி, உல்சான் போன்ற குழுக்களை முந்தி, ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கில் தன் பிரிவில் ஜொகூர் முதலிடம் பெற்றது. அடுத்த சுற்றிலோ ஜப்பானின் உராவாவிடம் 0-5 எனத் தோற்றது. உள்ளூரில் வாரந்தோறும் எளிதாக வெல்லும் குழுவின் தற்காப்புப் பிழைகள் தண்டிக்கப்படாமலே போகின்றன. வலிய எதிரிதான் அவற்றைக் காட்டிக் கொடுக்கிறான் என்பது என் கணிப்பு.

ஜெர்மனியில் பேயர்ன் மியூனிக்கும் 2013 முதல் 2023 வரை 11 பட்டங்களைத் தொடர்ந்து வென்றது. 2024-இல் லெவர்குசன் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் அந்தத் தொடரை முறித்தது. அத்தகைய நாள் மலேசியாவுக்கும் வர வேண்டும். ஜொகூரைத் தளர்த்தி அன்று. மற்ற மாநிலங்கள் இளையோர் பயிற்சியிலும் நிருவாகத்திலும் ஜொகூர் அளவுக்கு உயர்ந்து அதைச் சாதிக்க வேண்டும்.

ஆகவே, கிள்ளான் நண்பனுக்கு என் பதில் இதுதான்: உன் சிலாங்கூர் வலுப்பெறட்டும். 1991-ஐப் போல ஓர் இறுதியாட்டத்தை நாமிருவரும் அரங்கில் அமர்ந்து பார்ப்போம். அன்று யார் வென்றாலும் அது இலுப்பைப்பூவாக இராது. ஆலைச் சர்க்கரையாகவே இனிக்கும்.